பள்ளி திறக்கும் நாளும் கடுக்காய்த் தண்ணீரும்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை, நோட்டீசாகத்தான் பிறந்தது. யாராவது கண்டுபிடித்துக் கேலி செய்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. அவ்வப்போது கதை எழுதுகிறவள் என்பது ஊருக்குத் தெரியும். யாரும் அதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. போன மே மாதம், அதாவது 1986 மே மாதம், மாதர் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு ஒரு வேலை கொடுத்தார்கள்.

"ஜூன்ல ஸ்கூல் தெறக்கறாங்க டீச்சர். லீவு முடிஞ்சு போற பசங்களுக்கு ஒடம்பு கெடாம இருக்க இன்னா இன்னா பண்ணணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அச்சடிச்சு வீட்டுக்கு வீடு குடுத்துடறோம்."

ஒரு பக்கம்தானே என்று ஒப்புக்கொண்டேன். அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன்:

"பெற்றோர்களே! பள்ளி திறக்கப் போகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். நகம் வெட்டிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே சீக்கிரம் தூங்கப் பழக்குங்கள். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். காய்ச்சல் வந்து எழுந்த பிள்ளை என்றால், உடம்பு தேறிய பிறகு"

'தேறிய பிறகு' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மொட்டைத் தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு, கையில் ஒரு டானிக் பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பெண் அந்த வரியில் வந்து நின்றாள். நகரமாட்டேன் என்றாள். அவளைச் சுற்றி எழுத ஆரம்பித்தேன். பத்துப் பக்கம் ஆகிவிட்டது.

என் கணவர் தணிகைவேல் ஜோலார்பேட்டையில் கூட்ஸ் வண்டி கார்டு. டூட்டி முடிந்து வந்தவர் அதைப் படித்துவிட்டு, "இன்னா இது? இத வீட்டுக்கு வீடு குடுத்தா ஜனங்க ஒடம்பப் பாப்பாங்களா, கத படிச்சுகினு ஒக்காந்துடுவாங்களா?" என்றார். நியாயமான கேள்விதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் கையெழுத்து மறுநாள் எனக்கே புரியாது. ஆகவே இதை நல்ல தாளில் நகலெடுக்க, முத்து முத்தாக எழுதும் என் மாணவி ஒருத்தியைப் பிடித்திருக்கிறேன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். தப்பு கண்ட இடத்தில் சதுர அடைப்புக்குள் எழுதுவாள், அதை நான் அடிக்கக்கூடாது. சரி என்றேன். (வளைந்த அடைப்புக்குள் பேசுவது நான். சதுர அடைப்புக்குள் பேசுவது அவள்.)

[பிடித்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். நான்தான் கேட்டு வாங்கினேன்.]

2

தொடக்கத்துக்குப் பட்டபாடு கொஞ்சமில்லை. தள்ளியவற்றையும் இங்கே வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு காலை, பாலாற்றின் அலைகளில் இளஞ்சூரியன் தன்"

பாலாற்றில் ஏது அலை? மணல்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "ஆம்பூருக்கு வருகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்."

வெளியூர்க்காரர்கள் எல்லோரும் எங்கள் ஊரைப் பற்றி இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்குக் கோபமாக வரும். இங்கேயே இருக்கிறவர்களுக்குப் பதனிடும் தோலின் வாடையே தெரியாது. மதியத்தில் பிரியாணி வாசனைதான் தெரியும். அதையும் அடித்தேன்.

மூன்றாவது தொடக்கம்: "கவுஸ் பாஷா தன் மகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்."

இது உண்மை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் அந்த மனிதரை வாசகர் முதல் வரியிலேயே வெறுத்துவிடுவார். அது அநியாயம். அதனால் நான்காவதுதான் நிற்கிறது:

கவுஸ் பாஷா பயந்துபோயிருந்தார்.

3

கவுஸ் பாஷா பயந்துபோயிருந்தார். அவருக்கு டேனரியில் பட்டைக் கிடங்கில் வேலை. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதையெல்லாம் முதுகில் ஏற்றி இறக்குகிற மனிதர். அவரைப் பயமுறுத்தியது ஒன்பது வயது மகளின் கை.

மகளுக்கு வஜீதா என்று பெயர் வைக்கிறேன். நிஜப் பெயர் வேறு.

[இந்தப் பெயரும் நன்றாகத்தான் இருக்கிறது.]

1981 மார்ச்சில் வஜீதாவுக்கு டைபாய்டு வந்தது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார் கவுஸ் பாஷா. பிடித்திருப்பதே தெரியாத அளவுக்கு அந்தக் கை இளைத்திருந்தது. காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்தாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்ததால் மொட்டை அடித்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டது. அப்பாவின் பயம்தான் போகவில்லை.

காய்ச்சல் எதனால் வந்தது என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். தண்ணீரால் என்றார் டாக்டர். எந்தத் தண்ணீர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கவுஸ் பாஷா தானாகவே முடிவு கட்டிவிட்டார், பள்ளிக்கூடத்து டிரம் தண்ணீர்தான் என்று. மே மாதக் கடைசியில் வீட்டில் பேச்சு வந்தது.

"படிப்பு எங்கயும் ஓடிடாது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

"அடுத்த வருசம்னு நின்ன பொண்ணு எது திரும்பப் போச்சி? எங்கக்கா போனாளா? நான் போனேனா?" என்றாள் அவர் மனைவி ஜைத்தூன்.

"உசுரு ஜாஸ்தியா, படிப்பு ஜாஸ்தியா?"

"ரெண்டும் வேணும். கேக்கறது கேக்கறோம், எதுக்குக் கம்மியா கேக்கணும்?"

கவுஸ் பாஷா வெகுநேரம் பீடியைப் பற்றவைக்காமலே விரலிடுக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, போவட்டும். ஆனா ஒண்ணு. ஒரே ஒரு நாளு, ஒடம்பு சரியில்லன்னு ஸ்கூல்லேருந்து திருப்பி அனுப்னாங்கன்னா, அதோட நிப்பாட்டிடுவேன். அப்புறம் நீ எதுவும் பேசக் கூடாது."

ஜைத்தூன் ஒப்புக்கொண்டாள்.

வாசகரே, இந்தக் கதையில் எல்லாம் இந்த வாக்கில்தான் இருக்கிறது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், நான் நடுவில் வேறெங்காவது போய்விட்டாலும்.

4

அன்றிலிருந்து ஜைத்தூன் செய்ததையெல்லாம் எழுதினால் அதுவே மாதர் சங்கத்து நோட்டீஸ் ஆகிவிடும். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, துணியில் வடிகட்டி, கழுவிக் காயவைத்த டானிக் பாட்டிலில் ஊற்றி மூடினாள். பள்ளிக்கு அதைத்தான் எடுத்துப்போக வேண்டும், டிரம் பக்கம் போகவே கூடாது என்று ஒத்திகை பார்த்தாள். இரவில் தெருப் பிள்ளைகள் விளையாடும்போதே மகளைப் படுக்கவைத்தாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். எனக்கு நோட்டீஸ் எழுதக் கொடுத்தவர்கள் நேராக அவளிடமே போயிருக்கலாம்.

இரண்டு விஷயத்தில்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை. ஒன்று, வஜீதா சாப்பிடவே மாட்டாள். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். முட்டையா, வேண்டாம். கஞ்சியா, வேண்டாம். இரண்டாவது, வாய்ப்புண். வாய்ப்புண் போனால் சாப்பாடு இறங்கும் என்று ஜைத்தூன் நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த மருந்து கடுக்காய். தட்டி ஊறவைத்து அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கவேண்டும். டேனரிக்காரர்கள் வீட்டில் கடுக்காய்க்குப் பஞ்சம் இல்லை. அப்பாவின் சட்டைப் பையைத் தட்டினாலே இரண்டு விழும்.

வழக்கமாக மண்சட்டியில்தான் ஊறவைப்பாள். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் பார்த்து மண்சட்டி விரிசல் விட்டுவிட்டது. பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் ஒரு இருப்புச் சட்டி கேட்டு வாங்கினாள். மறுநாள் முக்கியமான நாள் அல்லவா, கைக்கு வந்த கடுக்காயை எல்லாம் தட்டிப் போட்டாள்.

[விரிசல் தானாக விடவில்லை. பூனை தள்ளியது. சாம்பல் நிறப் பூனை.]

(இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பேசாமல் மேலே வாருங்கள்.)

கடுக்காயும் இரும்பும் சேர்ந்து ஊறினால் மைக் கறுப்பு இறங்கும். டேனரிக்குள் இது எல்லாருக்கும் தெரியும். தொட்டிப் பக்கம் இரும்பு வாளி போனாலே மேஸ்திரி கத்துவார், தோலில் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும் என்று. ஆனால் டேனரி வாசலையே மிதிக்காத ஜைத்தூனுக்கு யார் சொல்வார்கள்? கவுஸ் பாஷா வீட்டுக்கு வந்தால் டேனரிப் பேச்சை எடுக்கவே மாட்டார். நாள் முழுக்க அங்கேயே கிடக்கிறேன், வீட்டிலுமா என்பார். அன்று காலையிலும் விடியும் முன்பே ஷிப்டுக்குப் போய்விட்டார்.

கரண்டு இல்லாத காலை. சமையலறை இருட்டில் வஜீதா கொப்பளித்தாள். எப்போதும் போலத் துவர்ப்பு, கொஞ்சம் கூடுதலாக. இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று அம்மா ஊற்ற ஊற்ற, சட்டியில் பாதி தீர்ந்தது. முகம் துடைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து சிரித்தாள்.

பல் கறுப்பு. நாக்கு கறுப்பு. உதட்டோரம் கறுப்பு.

"அய்யோ, பேஜாராப் போச்சே!" என்று ஜைத்தூன் தலையில் கை வைத்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். உப்பு போட்டுத் தேய்த்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். வஜீதா அழுததுதான் மிச்சம், கறுப்பு அசையவில்லை. முதல் நாள் பள்ளியில் வரிசையில் நிற்கவைத்து நகம், காது, நாக்கு எல்லாம் பார்ப்பார்கள். இந்த நாக்கைப் பார்த்தால் எந்த டீச்சர் உள்ளே விடுவார்?

5

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. அடுத்து அவள் என்ன செய்வாள்?

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: "ஜைத்தூன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீதித் தண்ணீரோடு சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். 'ஸ்கூல் தெறக்கறாங்க, பசங்க வாய் கொப்பளிக்கட்டும், பல்லுக்கு ரொம்ப நல்லது' என்றாள். அரைமணியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லைன் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேர் நாக்கும் கறுத்துவிட்டது. ஒருத்தியைத் திருப்பி அனுப்பலாம். ஒரு தெருவையே அனுப்ப முடியுமா?"

நல்ல தந்திரம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். தணிகைவேல் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பொண்ணுக்கு வாய் கறுத்துப் போய் நிக்கற பொம்பள, அந்த நேரத்துல இவ்ளோ கணக்கு போடுவாளா? நீ போடுவியா?" என்றார்.

நான் போடமாட்டேன்தான். உட்கார்ந்து அழுவேன்.

சந்தேகம் வந்தால் போய்க் கேட்டுவிடுவது நல்லது. ஜைத்தூன் ஒன்றும் கற்பனை இல்லை. பின் தெருவில்தான் இருக்கிறாள். காகிதங்களை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவள், வீடு வீடாகப் போகும் இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நானா? பக்கத்து வீட்டுப் பசங்க வாயை நானே கறுப்பாக்கினனா? முனியம்மாக்கா என்னை சும்மா வுடுமா? நான் அழுதுகினு நின்னேன் டீச்சர். அழுவறதுக்கே நேரம் பத்தல, இதுல தந்திரம் எங்க பண்றது?"

"அப்ப எல்லாப் பசங்களுக்கும் எப்படிக் கறுத்துச்சு?"

"அது அதுங்களே பண்ண வேல. நீங்க இன்னா எழுதனாலும் எழுதுங்க. அந்த இருப்புச் சட்டிய மட்டும் எடுத்துடுங்க. படிக்கறவங்க என்னை ஒண்ணும் தெரியாதவன்னு நெனப்பாங்க."

"மண்சட்டின்னு போட்டா கறுக்காதே ஜைத்தூன்."

மறுபடியும் கத்தியைக் கையில் எடுத்தாள். "அப்ப சட்டி இருக்கட்டும். ஆனா புள்ளைக்கு நல்லது பண்ணப் போய்தான் ஆச்சுன்னு ஒரு வார்த்த சேத்துக்கோங்க."

சேர்த்துவிட்டேன். பிள்ளைக்கு நல்லது செய்யப் போய்த்தான் ஆயிற்று.

6

ஆகவே முதல் பிரதியின் தந்திரம் ரத்து. நடந்தது இதுதான்.

லைன் வீட்டுப் பொது பம்ப்படியில் ஜைத்தூன் மகளின் வாயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் அழுதார்கள். சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டன. முனியம்மாவின் மூத்த மகன் துரை பம்ப்படித் திட்டின் மேல் ஏறி நின்று எட்டிப்பார்த்தான்.

"டேய், கருநாக்குடா!" என்று கத்தினான்.

நாக்கில் கறுப்பு உள்ளவர்கள் சொன்னால் பலித்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அப்படிப்பட்டவர்கள் 'இந்தக் கன்னுக்குட்டி நல்லாருக்கே' என்றாலே வீட்டுக்காரர்கள் கன்றை உள்ளே கட்டிவிடுவார்கள். அந்த மாதிரி ஒரு நாக்கை இவ்வளவு கிட்டத்தில், அதுவும் இவ்வளவு கறுப்பாக, துரை பார்த்ததில்லை.

"ஏய் வஜீதா, எதனா சொல்லு, பலிக்குதா பாக்கலாம்!"

அழுகையும் ஆத்திரமுமாக வஜீதா சொன்னாள்: "நீ இப்ப கீழ வுழுவ, போ!"

துரை விழுந்து விழுந்து சிரித்தான். ஈரமான திட்டு. கால் வழுக்கி, நிஜமாகவே கீழே விழுந்தான்.

பம்ப்படியில் கிளம்பிய கூச்சலில் டேனரிச் சங்கு கேட்டிருக்காது. எழுந்து பின்புறத்தைத் தடவிக்கொண்ட துரை கேட்ட முதல் கேள்வி: "அந்தத் தண்ணி இன்னும் கீதா?"

சட்டியில் பாதி இருந்தது. அதற்கு அடிதடி. துரை கொப்பளித்தான், அவன் தம்பி கொப்பளித்தான், கடைசி வீட்டு இரட்டைப் பெண்கள் கொப்பளித்தார்கள். துவர்ப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒருவர் வாயை ஒருவர் திறந்து பார்த்துக்கொண்டார்கள். ஜைத்தூன் தடுக்கப் போனாள். யார் கேட்கிறார்கள்?

[முதலில் கொப்பளித்தது துரை இல்லை. அவன் தம்பி. துரை பயந்தான். இப்போது கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டான்.]

சத்தம் கேட்டு முனியம்மா வெளியே வந்தாள். தன் இரண்டு பிள்ளைகளின் வாயைப் பார்த்தாள். "அடப்பாவிங்களா, இன்னாடா இது கோலம்!" என்று கையை ஓங்கியவள், வஜீதாவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மொட்டைத் தலையும் கறுத்த வாயுமாக அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு அந்த லைன் வீட்டில் யாரும் பார்க்காத சிரிப்பு.

"வுடு ஜைத்தூனு" என்றாள் முனியம்மா. "ஒரு பொண்ணுக்குக் கறுத்தா சீக்கும்பாங்க. இத்தினி பேருக்குக் கறுத்தா இன்னாம்பாங்கன்னு பாத்துடலாம். கெளம்பு, நேரமாச்சு."

தந்திரம் என்று ஏதாவது இருந்தால் அது முனியம்மாவுடையது. அதையும் அவள் யோசித்துச் செய்யவில்லை.

7

(இந்தப் பகுதியை நான் குறைத்து எழுதப்போகிறேன். தலைமையாசிரியையை வில்லியாக்கினால் கதை விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.)

ஆணும் பெண்ணுமாகத் தெருப் பிள்ளைகள் படித்த ஆரம்பப் பள்ளி அது. வரிசையில் நகம் பார்த்துக்கொண்டு வந்த ராஜம்மாள் டீச்சர், 'நாக்க நீட்டு' என்றதும் ஒரு கறுப்பு நாக்கு வந்தது. அடுத்ததும் கறுப்பு. அதற்கு அடுத்ததும். டீச்சர் ஓடிப்போய்த் தலைமையாசிரியையை அழைத்துவந்தார். எதனால் என்று அவர் கேட்டார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். கடுக்காய், பூனை, துரை விழுந்தது, சட்டி, கருநாக்கு எல்லாம் கலந்து அவர் காதில் விழுந்தது. நடுவில் துரை தன் புது நாக்கைச் சோதித்துப் பார்க்க, "இன்னிக்கி நமக்கு லீவு" என்று சொல்லிவைத்தான்.

அந்த வருடம் ஊரில் காய்ச்சல் அதிகம். தலைமையாசிரியை வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து சேர்ந்த முதல் நாள். என்னவென்று தெரியாத ஒன்று ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரேமாதிரி வந்திருந்தால், மற்ற பிள்ளைகளுக்காகவாவது வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என் நோட்டீசும் அதைத்தான் சொல்லும்.

"எல்லாரும் வீட்டுக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்" என்றார்.

துரையைத் தோளில் தூக்காத குறையாக மற்ற பிள்ளைகள் தெருவில் நடத்திக்கொண்டு வந்தார்கள். அவன் சொன்னது பலித்துவிட்டதே! கடைசியாக, டானிக் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வஜீதா வந்தாள். லைன் வீட்டு முனையில் நின்றிருந்த ஜைத்தூன், மகளைத் தூரத்தில் பார்த்ததுமே சுவரைப் பிடித்துக்கொண்டாள். கணவரிடம் கொடுத்த வாக்கு முதல் நாளே வந்து நின்றுவிட்டது.

8

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கவுஸ் பாஷா சைக்கிளில் வந்தார்.

முனியம்மா வீட்டு வாசலில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய தட்டில் கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு. பள்ளிக்கு ஓடியது, வரிசையில் நின்றது, கத்தியது, திரும்பி ஓடிவந்தது, எல்லாமாகச் சேர்ந்து பசியைக் கிளப்பிவிட்டிருந்தது. வஜீதாவும் அந்த வட்டத்தில் இருந்தாள். உருண்டை பிடித்து, குழம்பில் தோய்த்து, விழுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த துரையின் தம்பி ஓர் உருண்டை கூடுதலாக எடுத்ததற்குச் சண்டை போட்டாள். முனியம்மா இரண்டாம் தரம் களி போட்டாள்.

சைக்கிளைச் சாய்த்து வைத்த கவுஸ் பாஷாவைப் பார்த்ததும் வட்டம் அமைதியானது. ஜைத்தூன் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னாது, இந்நேரத்துக்கு எல்லாரும் இங்க கீறீங்க?"

அப்போதுதான் மகளின் வாயைப் பார்த்தார். முதலில் பதறினார். கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு திண்ணையின் மேல் கறுத்த மண்டியோடு கிடந்த இருப்புச் சட்டியைப் பார்த்தார். அதற்கு மேல் எதையும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"ஸ்கூல்லேருந்து அனுப்ட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வஜீதா வாயில் இருந்த களியை விழுங்கினாள். "நாளைக்குப் போவேன்" என்றாள்.

"பாய்! கருநாக்கு பாய்!" துரை துள்ளி எழுந்தான். "அது சொன்னா பலிச்சிடும்! காலைலேருந்து பாத்துகினு கீறோம்!"

கவுஸ் பாஷா அவனைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கம் தட்டு வழித்துத் துடைத்த மாதிரி காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக ஒவ்வொரு வேளையும் அவர் கெஞ்சியிருக்கிறார், இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய் என்று. இப்போது அவள் யாரும் சொல்லாமலே முனியம்மா பக்கம் தட்டைத் தள்ளி, "இன்னும் களி கீதா அத்தை?" என்று கேட்டாள்.

இந்த இடத்தை எழுதும்போது பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மறைத்துவைக்க என்ன இருக்கிறது? படித்துக் காட்டியபோது தணிகைவேலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூசி என்றார்.

[மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.]

(சரி, சொல்லிவிட்டாயா? இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்ததே பெரிது.)

9

முடிவு. இங்கேதான் வீட்டில் சண்டை.

நான் எழுதிய முடிவு: கவுஸ் பாஷா உள்ளே போனார். சாப்பிட்டார். திரும்பக் கிளம்பும்போது, மறுநாளைக்குக் கொதித்த தண்ணீர் ஊற்ற டானிக் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். அவ்வளவுதான். ஜைத்தூன் அதைப் பார்த்தாள்.

"இன்னா சப்புனு முடிச்சிட்ட?" என்றார் தணிகைவேல். அவர் சொன்ன முடிவு வேறு: மறுநாள் காலையில் கவுஸ் பாஷா ஷிப்டுக்குப் போகவில்லை. சட்டியின் அடியில் கிடந்த மண்டியில் தண்ணீர் ஊற்றி, தானே ஒரு வாய் கொப்பளித்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தார். தலைமையாசிரியை முன்னால் நின்று, "பாருங்கம்மா, எனக்கும்தான். இது சீக்கு இல்ல, கடுக்காய்" என்று, மூட்டை தூக்குகிற அந்த ஆள், மீசைக்குக் கீழே இத்தனை நீளத்துக்கு நாக்கை நீட்டினார்.

"இது சினிமா" என்றேன்.

"சினிமாவா இருந்தா இன்னா? எனக்கு இதான் புடிச்சிருக்கு."

எனக்கும் பிடித்திருந்தது. அதைத்தான் அவரிடம் சொல்லவில்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜைத்தூனிடம் போனேன். இரண்டாவதைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடந்ததா என்று கேட்டால் தலையை இப்படியும் ஆட்டுகிறாள், அப்படியும் ஆட்டுகிறாள்.

"எதயும் போடாதீங்க டீச்சர். அந்த மனுசன் கூச்சப்படுவாரு. களி தின்னதோட நிறுத்திடுங்க. அதுக்கு மேல இன்னா வேணும் ஒரு பெத்தவளுக்கு?"

கவுஸ் பாஷாவையே கேட்டுவிடலாம் என்று போனால், "பட்டை லோடு வந்திருக்கு, அப்புறம் பேசலாம்" என்று சைக்கிளில் ஏறிவிட்டார். போகிற போக்கில் திரும்பி, "சட்டிய மட்டும் எழுதாதீங்க டீச்சர், வீட்டுல வருத்தப்படுவா" என்றார்.

மாதர் சங்கத்துக்கு என்ன பதில் சொல்வது? நோட்டீசைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கொதித்த தண்ணீர், நகம், தூக்கம், காலைச் சாப்பாடு, தடுப்பூசி, எல்லாம் இருக்கிறது. கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். 'கடுக்காயை இருப்புச் சட்டியில் ஊறவைக்காதீர்கள். உடம்பு தேறிய பிள்ளையைப் பயந்து வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள், மற்ற பிள்ளைகளோடு ஓடினால் பசி எடுக்கும்.' தலைவியம்மா முதல் வரியைப் படித்து முழித்தார். ஆனால் அடிக்கவில்லை.

10

முடிவை நான் எழுதப் போவதில்லை. எழுதத் தகுதியுள்ள ஆள் ஒருத்திதான். இதற்குக் கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன்.

[மேலே சொன்ன அரைப் பக்கம் இதுதான். ஓரத்தில் பென்சிலால் 'நீயே எழுது' என்று இருக்கிறது.

நானும் எழுதப் போவதில்லை. அப்பா கொப்பளித்தாரா இல்லையா என்பது எனக்கும் அப்பாவுக்கும் அந்தத் தலைமையாசிரியைக்கும் தெரியும். படிக்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

நாளைக்குப் பள்ளி திறக்கிறது. பத்தாம் வகுப்பு. தண்ணீர் கொதித்து ஆறிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் படு என்று அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டார்கள். விளக்கை அணைக்கிறேன்.]